பருவமழைக்கு முன் வீட்டுத் தோட்டத்தை ஒழுங்கு செய்தல்
(சென்னை நகரத்து அநுபவத்தைக் கொண்டு கடற்கரை ஜில்லாக்களுக்கு ஒரு பாடம்)

குளிர்ந்த தேசங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், இலையுதிர்காலம் முடிவதற்குள் தங்கள் தோட்ட வேலைகளை ஒழுங்கு செய்து முடித்துவிடுவது வழக்கம். உறைபனி விழுமுன் கிழங்குகளைத் தோண்டி வீட்டினுள் வைப்பார்கள். காய்ந்த செடிகளைக் களைவார்கள். நிற்கும் செடிகளின் அடியில் சருகைப் பரப்புவார்கள். செடியின் உள்ளிருக்கும் நீர் உறைந்து அதன் உடல் சிதைந்துபோகும் என்ற அச்சமே இவ்வளவுக்கும் காரணம். சென்னையில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. தை மாதத்து இரவிலும் இந்நகரத்தின் சராசரி வெப்பம் 20 பாகை செல்ஷியஸுக்குக் கீழே இறங்குவதில்லை. குளிரால் இங்கே எந்தக் கத்தரிச் செடியும் மடிந்ததில்லை.

ஆயினும், தோட்டத்தை ஒழுங்கு செய்தே தீரவேண்டிய ஒரு காலம் நமக்கும் உண்டு. அது புரட்டாசி மாதம். மேல்நாட்டாருக்கு உறைபனி எப்படியோ, அப்படியே நமக்கு வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன் செய்யவேண்டியவற்றைச் செய்யாதவன், கார்த்திகையில் தோட்டத்தை இழந்து, மார்கழி தை மாதங்களில் கிடைக்கக்கூடிய ஆண்டின் மிகச் சிறந்த காய்கறிப் பருவத்தையும் இழக்கிறான்.

மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் உள்ள கொல்லைகளையும் மாடித் தோட்டங்களையும் பற்றிப் பட்டாதாரர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் எடுத்துரைப்பதால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். திருவள்ளூர் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கடற்கரைப் பகுதி முழுவதும் இந்த மழையே பெய்கிறது. வயலின் வடிகால் அண்டை நிலத்தாரையும் வாய்க்காலையும் பொறுத்தது. வீட்டுக் கொல்லையின் வடிகாலோ பெரும்பாலும் நம் மண்வெட்டியையே பொறுத்தது. கொல்லையில் கற்றது வயலுக்கும் உதவும். மணல், களிமண், ஆற்றங்கரை மண் ஆகிய மூன்றும் சில மைல் தூரத்துக்குள் அமைந்திருப்பதால், சென்னை நகரத்தின் அநுபவம் இப்பாடத்துக்கு மிகவும் ஏற்றதாக இருக்கிறது.

1. மழையின் அளவும் காலமும்

சென்னையில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர். இதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடுகிறது. பருவமழை தொடங்கும் நாள் வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி, அதாவது ஐப்பசி முதல் வாரத்தில், அமைகிறது. ஆனால் பெருஞ்சேதம் தொடக்கத்தில் நேருவதில்லை. அண்மைக் காலத்தில் நகரத்தைப் பெரிதும் வருத்திய மூன்று நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 490 மில்லிமீட்டர் மழை பெய்து, அடையாறு கரை புரண்டது. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழையால் நகரம் மீண்டும் நீரில் மூழ்கியது. இம்மூன்றும் கார்த்திகை மாதத்தில் நேர்ந்தவை.

இதனால் அறியவேண்டியது யாதெனில், ஐப்பசியில் பெய்யும் முதல் மழை ஓர் எச்சரிக்கையே. கார்த்திகையில் வருவதே பரீட்சை. ஐப்பசி மழையில் எங்கே நீர் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, அந்தக் குறையைக் கார்த்திகை பிறப்பதற்குள் நீக்கிவிட வேண்டும்.

2. தேங்கிய நீர் செடியை எவ்வாறு கொல்லுகிறது

நீரால் செடி வளர்கிறது என்பது யாவரும் அறிந்தது. அதே நீர் தேங்கினால் செடி மடிவது ஏன் என்பதை அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல மண்ணில் மண் துகள்களுக்கு இடையே சிறு சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றில் ஒரு பகுதியில் நீரும் மற்றப் பகுதியில் காற்றும் நிற்கும். வேரும் சுவாசிக்கும் உறுப்பே. அந்தக் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே அது உயிர்வாழ்ந்து, நீரையும் உப்புக்களையும் மேலே அனுப்புகிறது. மழைநீர் தேங்கும்போது காற்றின் இடத்தையும் நீரே பிடித்துக்கொள்ளுகிறது. நீரினூடே பிராணவாயு பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகையால் வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்குகிறது. அழுகும் வேரை நாடி நாற்றழுகல், வேரழுகல் முதலிய வியாதிகளை உண்டாக்கும் பூஞ்சண இனங்கள் பெருகுகின்றன.

வேர் கெட்ட செடி நீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடி நிற்கும். அதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, மழை விட்ட மறுநாளே குடத்தைக் கொண்டுவந்து ஊற்றுவோரும் உண்டு. இது நோயாளிக்கு நஞ்சு கொடுப்பது போலாகும். ஈர மண்ணில் வாடி நிற்கும் செடிக்கு வேண்டியது காற்றே ஒழிய நீரன்று.

எல்லாச் செடிகளும் ஒரே அளவில் துன்புறுவதில்லை. பப்பாளியின் அடியில் இரண்டு நாள் நீர் நின்றாலே மரம் மடியக்கூடும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவை அதற்கு அடுத்தபடி. சேம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவை ஈரத்தை விரும்புவன. கொல்லையின் மேட்டில் பப்பாளியும் பள்ளத்தில் சேம்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

3. மண்ணை அறிதல்

மயிலாப்பூரில் கடலை அடுத்த தெருக்களிலும் பெசன்ட் நகரிலும் பெரும்பாலும் மணற்பாங்கான பூமியே. அங்கே நீர் விரைவில் இறங்கிவிடும். ஆனால் உரத்தின் சத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். தியாகராயநகரின் கதை வேறு. இப்பேட்டை, மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நெடுங்காலம் நீர் தேக்கி நின்ற பெரிய ஏரியின் படுகையில் 1920-களில் அமைக்கப்பட்டு, சர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயரைப் பெற்றது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டும் பழைய ஏரிக்குச் சாட்சியாக இன்னும் நிற்கிறது. ஏரி மறைந்தும் பள்ளமும் வண்டல் கலந்த களிமண்ணும் மறையவில்லை. அடையாற்றின் கரையை அடுத்த மனைகளிலோ, பெருமழையில் நிலத்தடி நீரே மேலே ஏறிவருவதைக் காணலாம். கிராமங்களிலும் தூர்ந்த குளத்தின்மேலும் ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் அமைந்த கொல்லைகளுக்கு இந்த இயல்பே உண்டு.

உங்கள் கொல்லை எவ்வகை என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. புரட்டாசியில் ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழி வெட்டி, நீரால் நிரப்புங்கள். அது முற்றிலும் இறங்கிய பின் மறுமுறை நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டுக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால், அம்மண்ணில் மேட்டுப் பாத்தி இல்லாமல் மழைக்காலத்தில் காய்கறி வைப்பது வீண்.

4. வடிகாலும் மேட்டுப் பாத்தியும்

ஒழுங்கு செய்யும் வேலைகளில் முதன்மையானது இதுவே. பாத்தி மூன்றடி அகலமும் ஓரடி உயரமுமாக இருக்கவேண்டும். இருபுறமும் நின்று கைநீட்டி வேலை செய்ய அது போதும். பாத்திகளுக்கு இடையே ஓரடி அகலத்தில் கால்வாய் எடுத்து, பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத சரிவு வைக்கவேண்டும். கால்வாயில் எடுத்த மண்ணே பாத்தியை உயர்த்தும். களிமண்ணாயின் மக்கிய எருவும் ஆற்று மணலும் கலக்கலாம். மணற்பாங்காயின் எருவும் தென்னைநார்க் கழிவும் கலக்கலாம். வாழை, பப்பாளி, முருங்கை இவற்றின் அடியில் வட்டப் பாத்தி கட்டிக் கோடையில் நீர் தேக்கியிருப்போம். அந்தக் கரையைப் புரட்டாசியில் உடைத்து, மண்ணை அடியில் அணைத்து மேடாக்கிவிட வேண்டும். இதை மறப்பவரே அதிகம்.

வடியும் நீரைத் தெருவில் விடுவது நமக்கும் பிறர்க்கும் நஷ்டம். 1,000 சதுர அடிக் கூரையில் மூன்று மாதத்தில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சுமார் 74,000 லிட்டர் நீராகும். அதைக் கிணற்றிலோ உறைகுழியிலோ சேர்த்தால் சித்திரை வைகாசியில் தோட்டத்துக்கே திரும்பி வரும். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-ஆம் வருஷத்தில் கட்டாயமாக்கியது. அவ்வாறு அமைத்த குழிகளில் தூர் சேர்ந்து பயனற்றுப் போனவை அநேகம். புரட்டாசியில் குழியின் மணலையும் கல்லையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுவது தோட்ட வேலையின் ஒரு பகுதியாகும்.

5. மாடித் தோட்டம்

2013-14-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறையார் நகரவாசிகளுக்கு மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது முதல், சென்னையின் மாடிகளில் பைகளும் தொட்டிகளும் பெருகியிருக்கின்றன. மழைக்காலத்தில் இங்கே கவனிக்கவேண்டியது பாரம். நனைந்த மண் ஒரு கன அடி சுமார் 50 கிலோ எடையுள்ளது. அத்தகைய தொட்டிகள் இருபது சேர்ந்தால் ஒரு டன் ஆகிவிடும். ஆகையால் மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவும் மக்கிய எருவும் கூட்டி நிரப்புவதும், பெருந்தொட்டிகளை மாடியின் நடுவே குவிக்காமல் சுவர்களை ஒட்டி வைப்பதும் நலம்.

ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்துப் பார்த்து, அடியிலுள்ள துளை வேரால் அடைபட்டிருந்தால் குச்சியால் திறந்துவிட வேண்டும். தொட்டிகளைச் செங்கல்லின்மேல் ஏற்றி வைத்தால் நீரும் வடியும், தளமும் கெடாது. அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிட வேண்டும்; அவற்றில் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். மாடியின் நீர்ப்போக்குத் துவாரத்தில் சருகு அடையாமல் கம்பிவலை இடவேண்டும். புயல் அறிவிப்பு வந்தவுடன் கைப்பிடிச் சுவரின்மேல் உள்ள தொட்டிகளைக் கீழே இறக்கிவிட வேண்டும். அவை தெருவில் செல்வோர் தலையில் விழுந்தால் அதற்கு நாமே பொறுப்பு.

6. பழைய செடிகளும் விதையும்

ஆடிப் பட்டத்தில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் புரட்டாசி முடிவில் தொண்ணூறு நாளைக் கடந்து ஓய்ந்துவிடும். இன்னும் இரண்டு காய் வரும் என்று அவற்றை விட்டுவைப்பது தவறு. நரம்பு மஞ்சளித்த வெண்டை, வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் கொண்டது. அதை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். வேரழுகல் கண்ட செடியை எருக்குழியில் போடலாகாது. ஆரோக்கியமான கத்தரியையும் மிளகாயையும் மட்டும் வைத்துக்கொண்டு, நுனியைக் கிள்ளி, மண் அணைத்து, குச்சி நட்டுக் கட்டுங்கள்.

விதைக்கு விட்ட காய்களை மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வெண்டை, அவரை, பீர்க்கு ஆகியவற்றைக் கொடியிலேயே முற்றவிட்டு, எடுத்து நிழலில் நன்றாக உலர்த்தி, சலித்த சாம்பலோடு கலந்து, இறுக மூடும் டப்பாவில் வைக்கவேண்டும். விதை கெடுவது பெரும்பாலும் வயதாலன்று, ஈரத்தாலேயே. ஐப்பசிக் காற்றில் ஒரு மாதம் திறந்து கிடந்த விதை, தையில் முளைக்கவில்லை என்று விதையைக் குறைகூறுவதில் பொருளில்லை.

7. மரங்களும் கொடிகளும்

வர்தா புயலில் மிகுதியாகச் சாய்ந்தவை குல்மொஹர், பெருங்கொன்றை முதலிய, வேர் ஆழமாக ஓடாத அலங்கார மரங்களே. நடைபாதைக் கல்லும் சாலையும் வேரை நெருக்கியிருந்ததும் ஒரு காரணம். வீட்டு மரத்தின் தலைப்பாரத்தைப் புரட்டாசியில் குறைக்கவேண்டும். ஆனால் கிளைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. ஒரே பக்கத்தில் வெட்டினால் மரம் மறுபக்கம் சாயும். மரத்தருகே மழைக்காலத்தில் பள்ளம் தோண்டுவது அதன் காலை வெட்டுவதாகும்.

முருங்கைக் கிளை எளிதில் முறியும், நீண்டவற்றைக் கழித்துவிடுங்கள். கழித்த போத்துக்களை மேட்டில் நட்டால் தழைக்கும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் மட்டும் எடுக்கலாம். பச்சை மட்டையைக் கழிப்பது மகசூலைக் குறைக்கும். குலை தள்ளிய வாழைக்கு இரண்டு மூங்கில்களைக் கத்தரிபோல் நிறுத்தி முட்டுக் கொடுக்கவேண்டும்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் அடிமரம் 1989-ஆம் வருஷத்துப் புயலில் சாய்ந்தது. ஆயினும் விழுதுகளின் பலத்தால் அந்த மரம் இன்றும் பரந்து நிற்கிறது. நம் வாழைக்கும் பப்பாளிக்கும் இயற்கை விழுதைக் கொடுக்கவில்லை. நாம் நிறுத்தும் மூங்கிலே அதற்கு விழுது.

மல்லிகையை மழைக்கு முன் கவாத்து செய்யவேண்டாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்வதே முறை. புரட்டாசியில் உலர்ந்த குச்சிகளை மட்டும் நீக்கினால் போதும்.

8. எருவும் மருந்தும்

பெருமழைக்கு முன் யூரியா போன்ற உரங்களை இடுவது பணத்தைக் கால்வாயில் கரைப்பதாகும். மக்கிய எருவும் வேப்பம்பிண்ணாக்கும் புரட்டாசித் தொடக்கத்தில் மண்ணில் கலந்துவிடலாம். எருக்குழியின்மேல் ஓலையோ தகரமோ போட்டு மூடுங்கள்; நனைந்த எருவின் சத்து நிலத்தடியில் போய்விடும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைதரும் பூஞ்சணத்தை, ஒரு பங்குக்கு இருபது பங்கு மக்கிய எருவுடன் கலந்து செடியின் அடியில் இடுவது வேரழுகலைத் தடுக்க உதவும்.

நாற்றங்காலுக்கும் பப்பாளியின் அடித்தண்டுக்கும் போர்டோ கலவை உகந்தது. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றொரு 5 லிட்டர் நீரிலும், மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களில் கரைத்து, வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும். சுத்தமான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். தயாரித்த அன்றே உபயோகிக்க வேண்டும். டிரைக்கோடெர்மா இட்ட இடத்தில் இதை ஊற்றலாகாது. துத்தம் அந்த நல்ல பூஞ்சணத்தையும் கொன்றுவிடும்.

மழை தொடங்கியதும் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் வெளிவந்து ஓரிரவில் நாற்றுக்களைத் தின்றுவிடும். மாலையில் நனைந்த கோணியின் அடியில் பப்பாளி இலையைப் பரப்பி வைத்தால் அவை அங்கே கூடும். விடியுமுன் கையுறை அணிந்து பொறுக்கி, கெட்டியான உப்புநீரில் போடுங்கள். அவை மனிதருக்கு நோய் தரும் புழுக்களைத் தாங்கியிருக்கக்கூடும், குழந்தைகளைத் தொடவிடலாகாது.

9. அடுத்த பருவத்துக்கு நாற்று

இவ்வளவும் செய்வது தோட்டத்தை மூடிவிடுவதற்கன்று, அடுத்த பருவத்தைக் கைப்பிடிப்பதற்கே. மழை ஓய்ந்த பிறகு விதை தேடுவோர் ஒரு மாதத்தை இழக்கிறார்கள். ஐப்பசிக் கடைசியில் தக்காளி, கத்தரி, மிளகாய், கோசு ஆகியவற்றை, ஒளி புகும் கூரையின்கீழ், உயர்ந்த மேடையிலோ தட்டுகளிலோ விதைத்து நாற்று வளர்க்கவேண்டும். மார்கழியில் மழை தணிந்து வெயில் மெல்லியதாக இருக்கும்போது நட்டால், வேர் பிடிப்பதும் எளிது, காய்ப்பதும் மிகுதி. முள்ளங்கியையும் கீரைகளையும் அப்போது நேரே விதைக்கலாம்.

10. புயலுக்குப் பின்

நீர் வடிந்த அன்றே மண்ணை மிதிக்கலாகாது. சேற்றை மிதித்தால் அது காய்ந்து கல்லாகும். கையில் எடுத்துப் பிசைந்தால் உதிரும் பக்குவம் வந்த பின் மேல்மண்ணைக் கொத்திக் காற்றோட்டம் தரவேண்டும். சாய்ந்த இளமரத்தை வேர் உலருமுன் நிமிர்த்தி, மண்ணிட்டு, மூன்று புறமும் கயிறு கட்டினால் பிழைக்கும். புதுத்துளிர் கண்ட பின்னரே உரம் இடவேண்டும்.

காலக் குறிப்பு

புரட்டாசி முதல் பாதி: மண் பரீட்சை, எரு இடுதல், விதை எடுத்தல்.
புரட்டாசி பின்பாதி: பழைய செடிகளை நீக்குதல், மேட்டுப் பாத்தி, கால்வாய், கிளை கழித்தல், உறைகுழியைச் சுத்தம் செய்தல்.
ஐப்பசி: முதல் மழையில் நீர் தேங்கும் இடங்களைக் குறித்துத் திருத்துதல், முட்டுக் கொடுத்தல், நத்தை பொறுக்குதல், நாற்று விடுதல்.
கார்த்திகை: வடிகாலை அன்றாடம் பார்த்தல், புயல் அறிவிப்புக்குக் காத்திருத்தல், மாத முதல் பாதியில் குண்டுமல்லிக் கவாத்து.
மார்கழி: மண்ணைக் கொத்துதல், நாற்று நடுதல்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கொல்லையில் எவ்வளவு ஒழுங்காகக் கால்வாய் எடுத்தாலும், அது சேரும் தெருவாய்க்கால் தூர்ந்திருந்தால் நீர் திரும்பி வரும். தியாகராயநகரில் ஏரிப் படுகையில் வீடு கட்டியவர்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் மழைக்காலத்தில் அந்த ஏரியை நினைவுகூர நேருகிறது. உங்கள் கிராமத்தில் நீர் செல்லும் வழிகளைப் புரட்டாசியில் ஒருமுறை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களை ஊராரைக் கொண்டு திறந்துவைத்தால், ஒவ்வொரு வீட்டின் கொல்லையும் அதனால் பயன்பெறும்.